ஆளில்லாத துறைமுகத்துக்கு நாலு மதிப்பெண்

‘நெடுங்கடல்’ விளையாட்டின் நான்காம் பாகம் வெளிவந்த வாரத்தில் எங்கள் குடும்பம் இரண்டு கட்சிகளாக உடைந்தது. ஒரு கட்சியில் நான், இன்னொன்றில் என் மனைவியின் தம்பி. மனைவி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. இரண்டு கட்சிகளையும் ஒரே வார்த்தையில் அடக்கும் அதிகாரம் மட்டும் அவளிடம் இருந்தது.

விளையாடாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நெடுங்கடல் என்பது ஒரு பெரிய கடல், பதினோரு தீவுகள், நடுவில் ஒரு துறைமுக நகரம். நாம் ஒரு கள்ளக்கடத்தல் படகோட்டி. கதை என்று ஒன்று உண்டு, ஆனால் அதைத் தொடர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். மனம் போன திசையில் படகை விடலாம், கூரைகளில் ஏறலாம், காணாமல் போன ஆட்டைத் தேடித் தரச் சொல்லும் கிழவனிடம் மாட்டிக்கொண்டு ஒரு மதியத்தையே தொலைக்கலாம். முதல் பாகம் வந்தபோது நான் லிப்ட் மெக்கானிக்காக அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பாகத்தையும் முதல் நாளே வாங்குகிறவன் நான். நான்காம் பாகத்துக்கு ஐந்து வருஷம் காத்திருந்தேன்.

விமர்சகர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பத்துக்கு ஒன்பது, ஒன்பதரை. ஒரு அம்மையார் மீன் சந்தையில் சும்மா நின்று ஜனங்கள் பேசுவதை ஒரு மணி நேரம் கேட்டாராம். இன்னொருவர், இத்தனை மனிதர்கள் நடமாடும் நகரத்தை இதுவரை எந்த விளையாட்டும் கட்டியதில்லை என்று எழுதினார். படித்துவிட்டு நானே கட்டியது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

என் மச்சான் நாலு கொடுத்தான்.

மச்சானுக்கு வேலை மருந்துக் கம்பெனி ஒன்றுக்கு எழுதுவது. மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு துண்டுச் சீட்டு இருக்குமே, அதை எழுதுகிறவர்களில் ஒருவன். வீட்டிலிருந்தே வேலை. ஒருத்தரும் படிக்காத எழுத்தை ஆறு வருஷமாக எழுதுகிறவனுக்கு, நாலு பேர் கேட்க எதையாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியதில் எனக்கு ஆச்சரியமில்லை. ‘கறார் பார்வை’ என்ற பெயரில் விளையாட்டுகளை விமர்சித்து வீடியோ போடுவான். ஒவ்வொன்றையும் இருநூறு பேர் பார்ப்பார்கள். அதில் ஒருவர் நான், இன்னொருவர் வேறு பெயரில் நான்.

இந்த முறை அவன் பேசியது இதுதான். கடல் அழகு, படகு அழகு, மழை பெய்வது அழகு. ஆனால் இது நகரமில்லை. பிணவறையில்கூட இதைவிட நடமாட்டம் இருக்கும். அறுபது மணி நேரம் சுற்றினேன், வேலை கொடுக்கிறவனைத் தவிர ஒருத்தனும் என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இப்படி ஒரு ஊரைக் கட்டிவிட்டு அதற்கு உயிர் இருக்கிறது என்று சொல்வது அநியாயம். கூடவே வெறிச்சோடிக் கிடக்கும் தெருக்களைக் காட்டினான்.

மூன்றே நாளில் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். பாதிப் பேர் அவனைத் திட்டினார்கள். பாதிப் பேர், எங்களுக்கும் அப்படித்தான் இருக்கிறது, பணம் வாங்கிய விமர்சகர்களுக்கு மட்டும்தான் கூட்டம் தெரிகிறது என்று வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் குடும்பத்தை ஒருவர் இழுத்துப் பேசினார்கள். நானும் வேறு பெயரில் போய்க் கொஞ்சம் பேசினேன். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

எங்கள் ஒர்க் ஷாப்பில் உதிரிபாகங்களைப் பார்த்துக்கொள்கிறவருக்கு வக்கீல் என்று பெயர். எதையும் வாதாடாமல் விடமாட்டார், ஒரு நட்டு கேட்டால்கூட எதற்கு என்று குறுக்கு விசாரணை செய்துவிட்டுத்தான் கொடுப்பார். அவரும் நெடுங்கடல் பைத்தியம். மூன்றாம் பாகத்துக்கு அப்புறம் உலகத்தில் நல்லது எதுவும் நடக்கவில்லை என்பது அவர் கட்சி. மச்சானுடைய வீடியோவை மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். விளையாட்டுக்குள் விடிகாலை நாலு மணிக்கு ஊர் தூங்கும்போது எடுத்திருக்கிறான், வெளிச்சத்தை மட்டும் கூட்டியிருக்கிறான், சுத்த ஏமாற்று.

என் கம்ப்யூட்டரில் அதே தெருக்களில் கூட்டம் நெரிந்ததால் எனக்கு அது சரியாகப் பட்டது. அதே சூட்டில் மச்சானுக்குப் போன் போட்டு, வேண்டுமென்றே ஆளில்லாத நேரமாகப் பார்த்து எடுத்தாயா என்று கேட்டுவிட்டேன்.

“மாமா, நான் பொய் சொல்லுவேன்னு நினைக்கிறீங்களா?”

அந்தக் குரலைக் கேட்டதும் வாயைக் கொடுத்திருக்கக் கூடாது என்று புரிந்தது. தான் உயிராக நேசித்த ஒரு விளையாட்டுக்கு எழுத்து சின்னதாக இருக்கிறது என்று அரை மதிப்பெண் வெட்டியவன் அவன். ஞாயிற்றுக்கிழமை வாங்க, நீங்களே விளையாடிப் பாருங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

இதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. விளையாட்டு விமர்சனப் பத்திரிகை ஒன்றிலிருந்து அவனை அழைத்திருந்தார்கள். புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு இணையத்தில் நேரலை விவாதம். அதில் நன்றாகப் பேசினால் வேலை. வீட்டு வேலை இல்லை, ஆபீஸ். அவனுக்கு ஒரு மேஜை, சுற்றிலும் ஆறு பேர். ஆறு பேர் என்பதை அக்காவிடம் மூன்று தடவை சொன்னானாம். புதுச் சட்டைகூட வாங்கிவிட்டான்.

ஞாயிறு மதியம் போனேன். எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, மாடியில் ஒரே அறை. அவன் டீ போடப் போனான். நான் உட்கார்ந்து படகைத் துறையில் கட்டிவிட்டு, விளையாட்டின் கடிகாரத்தை நடுப்பகல் பன்னிரண்டுக்குத் திருப்பிவிட்டு, நேராக மீன் சந்தைக்கு நடந்தேன்.

ஒரு ஈ, காக்கை இல்லை. மீன் இருந்தது, தராசு இருந்தது. கடைக்காரர்களைக் காணோம். ஒரு நாய் மட்டும் என்னைப் பார்த்துவிட்டுப் போனது. கோயில் முற்றத்துக்குப் போனேன், பாலத்துக்குப் போனேன், சாராயக் கடைக்குப் போனேன். இசை கேட்டது, வாசிக்கிறவன் இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. விளையாட்டின் அமைப்புகளை, அதாவது செட்டிங்ஸைத் திறந்து கீழே போனேன். ‘மக்கள் நடமாட்டம்’ என்று ஒரு வரி. அது பூஜ்யத்தில் இருந்தது.

வைத்தது நான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய பழைய கம்ப்யூட்டர் மூன்றாம் பாகத்தை ஓட்ட முடியாமல் மூச்சு வாங்கியபோது, நான் பார்த்துக்கொள்கிறேன் மச்சான் என்று வந்து, ஊர் ஜனங்களை மொத்தமாக அணைத்துவிட்டேன். பாரம் குறைந்து ஓட ஆரம்பித்தது. மூன்றாம் பாகம் முக்கால்வாசி கடல்தான் என்பதால் வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டிக் கொடுத்ததும் நான்தான். இதை மட்டும் திருப்பி வைக்கவில்லை. நான்காம் பாகத்தை நிறுவும்போது, பழைய அமைப்புகளையே எடுத்துக்கொள்ளட்டுமா என்று அது கேட்கும். நெடுங்கடல் ஆடுகிற எவனும் வேண்டாம் என்று சொல்லமாட்டான்.

என் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. லிப்டின் தலையில் ஏறி வேலை செய்யும்போது அதைச் சர்வீஸ் சுவிட்சில் போடுவோம், கீழே யார் பட்டனை அழுத்தினாலும் அசையாது. வேலை முடிந்ததும் அதைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். பதினேழு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் மறந்ததில்லை. கட்டடத்தை விட்டுப் பாதி வழி வந்தவன் சந்தேகம் வந்து திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறேன். மச்சான் விஷயத்தில் கோட்டை விட்டேன்.

டீயோடு வந்தவன், “என்ன மாமா, கூட்டம் நெரியுதா?” என்று கேட்டான்.

நான் மெனுவை மூடிவிட்டேன். “இல்ல மச்சான். நீ சொன்னதுதான் சரி,” என்றேன்.

கோழை பேசும் பேச்சு. ஆனால் அவன் முகம் அப்படி மலர்ந்துவிட்டது. ஊரே திட்டுது மாமா, நீங்க சொன்னா போதும் என்றான். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் முகத்தைப் பார்த்தே, என்ன பண்ணித் தொலைச்சீங்க என்று கேட்டாள். சொன்னேன். அவள் விளையாடுகிறவள் இல்லை, ஆனாலும் சுற்றி வளைக்காமல் கேட்டாள்: அவன் பார்த்த ஊரில் ஜனமே கிடையாதா, அவர்களை அணைத்து வைத்தது யார். இரண்டுக்கும் பதில் சொன்னேன்.

“புதன்கிழமைக்கு முன்னாடி சொல்லிடுங்க. அத்தனை பேர் முன்னாடி எவனாவது கேட்டு என் தம்பி முழிச்சான்னா, நான் சும்மா இருக்க மாட்டேன்.”

திங்கட்கிழமை ஒரு ஆஸ்பத்திரி லிப்ட் கதவு சிக்கிக்கொண்டது, எனக்கு நல்ல சாக்கு. செவ்வாய் மதியம் வக்கீலிடம் யோசனை கேட்டேன். ஒத்துக்கொள்ளவே கூடாது, தனிமையின் அழகை ஆராய்வதற்காக ஜனங்களை அணைத்துவிட்டு ஆடினேன் என்று சொல்லச் சொல்லுங்கள், நாளைக்கே அவனைப் பெரிய கலைஞன் என்பார்கள் என்றார். ஒரு நிமிஷம் எனக்கே ஆசையாக இருந்தது. மச்சான் அதைச் சொல்லமாட்டான் என்று தெரியும்.

சாயங்காலம் போனில் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமையே தெரியும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவன் திட்டவில்லை. மவுஸைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு போன் வழியாக மீன் சந்தையின் இரைச்சல் வந்தது. யாரோ விலை கூவினார்கள், ஒரு குழந்தை அழுதது, ஒருத்தி யாரையோ வைதாள்.

“நிறைய பேர் இருக்காங்க மாமா,” என்றான். அவ்வளவுதான், வைத்துவிட்டான்.

புதன்கிழமை லீவு போட்டேன். நானும் மனைவியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். திரையில் நாலு கட்டங்கள். மூத்த விமர்சகர்கள் இரண்டு பேர், பத்திரிகையின் ஆசிரியை, புதுச் சட்டையில் மச்சான். ஆசிரியை வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவன் பேசிவிட்டான். என்னோட மெஷின்ல மக்கள் நடமாட்டம் பூஜ்யத்துல இருந்திருக்கு, நான் கவனிக்கலை, விமர்சனத்தைத் திரும்ப எடுத்துக்கிறேன், பார்த்த எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். என் பேரை அவன் எடுக்கவில்லை. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விமர்சகர் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தார். சிரிக்கக்கூடிய விஷயம்தான், வேறு யாராக இருந்தாலும் நானும் சிரித்திருப்பேன். ஆசிரியை சிரிக்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் போலக் கேட்டார்.

“அறுபது மணி நேரம் ஒரு ஆள்கூட தெருவுல இல்லையே. எங்கேயோ தப்பு இருக்குன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?”

மச்சான் யோசித்தான். அவன் எதற்கும் யோசித்துத்தான் பதில் சொல்வான்.

“தோணலை மேடம். எனக்கு வழக்கமா அப்படித்தான் இருக்கும். காலையில எழுந்து வேலை பார்ப்பேன், அதே ரூம்ல சாப்பிடுவேன், தூங்குவேன். சில வாரம் ஒருத்தர்கிட்டயும் பேசியிருக்க மாட்டேன். ஊருன்னா இப்படித்தான்னு நினைச்சுட்டேன். ஆனா அது எனக்குப் பிடிக்கலை. அதனாலதான் நாலு கொடுத்தேன்.”

சிரித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஆசிரியை, உங்களை அப்புறம் கூப்பிடுகிறோம் என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அவனுடைய கட்டம் அணைந்தது.

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் பின்னால் ஓடினேன். மாடிக்கு ஏறியதும் மச்சான் கதவைத் திறந்தான். மேலே புதுச் சட்டை, கீழே அரைக்கால் சட்டை. வேலை போச்சுக்கா என்று சிரித்தான். அவள் அவன் தோளில் ஒரு அடி வைத்துவிட்டு உள்ளே வந்து, உட்கார இடம் தேடினாள். அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது.

இரண்டு வருஷத்தில் எத்தனையோ தடவை அங்கே வந்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்குள் எத்தனை ஸ்குரூ என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் அந்த நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன், அவன் பக்கத்தில் நின்றிருக்கிறான். என் கண்ணில் அது படவே இல்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“வீட்ல ஆறு நாற்காலி இருக்கு,” என்றாள் மனைவி என்னைப் பார்த்து. “ரெண்டு எடுத்துட்டு வாங்க.”

அவை கனமான மர நாற்காலிகள். கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் மூன்று தெரு நடந்தேன். எதிரே வந்த ஒருவர் வீடு மாற்றுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். இரண்டாவது தெருவிலேயே கை வலிக்க ஆரம்பித்தது. கீழே வைத்து இளைப்பாறியிருக்கலாம். நன்றாக வலிக்கட்டும் என்று நிற்காமல் நடந்தேன்.