என் போனில் மட்டும் வந்த படங்கள்

றமேஷை நம்பி வங்கி வேலையை விட்டவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒருவரும் ஆறுதல் சொல்ல வேண்டாம்.

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருவரும் கூட்டாகக் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோ நடத்துகிறோம். எங்கள் இணையத்தளத்தில் அவன் எடுத்த படங்கள் இருபது, வங்கியில் இருந்தபோதே லீவு நாட்களில் நான் எடுத்தவை இருபது. பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்று அந்த நாற்பதில் ஏதோ ஒன்றை எடுத்துப் பெரிதாகக் காட்டும். மூலையில் எடுத்தவர் பெயர் இருக்கும். நிரலை எழுதியது றமேஷ். "இதில ஓரவஞ்சனைக்கு இடமே இல்லை" என்று அப்போது பெருமையாகச் சொன்னான். தினமும் காலையில் என் போனில் திறந்து பார்ப்பேன். என் படம் வந்துவிட்டால் எனக்குக் கால் தரையில் பாவாது.

ஆனாலும் மூன்று வருடமாக "ரூபிகாதான் வேண்டும்" என்று கேட்டு ஒரு வீட்டாரும் வரவில்லை. என் நேரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மடச்சி.

போன சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் பாக்கியலெட்சுமி அக்காவின் வீட்டுக்குப் போனேன். மகள் ஜெயராணிக்குக் கல்யாணம். படம் எடுக்க என்னையா, றமேஷையா பிடிப்பது என்று அவரால் முடிவெடுக்க முடியவில்லை.

"மாப்பிள்ளையவே அம்மன் கோயில்ல பூ கட்டிப் பாத்துதான் முடிவு பண்ணுனோம். இதையும் அப்படியே பாத்துருவோம்" என்றார்.

சிவப்புப் பூவுக்கும் வெள்ளைப் பூவுக்கும் பதிலாக எங்கள் இணையப் பக்கம். மகளின் போனை வாங்கி, கண்ணை மூடி, அம்மனைக் கூப்பிட்டுத் தட்டினார். றமேஷின் படம். என் முகம் விழுந்ததைப் பார்த்து மறுபடியும் தட்டினார். றமேஷ். இரக்கப்பட்டுப் பத்துத் தடவை தட்டினார். பத்தும் றமேஷ்.

"அம்மன் தெளிவா சொல்லிட்டா. கோவிச்சுக்காதீங்கம்மா."

எனக்குச் சிரிப்பும் வெட்கமுமாக வந்தது. என் போனை எடுத்துத் தட்டினேன். இரண்டாம் தடவையே என் படம் வந்தது. ஜெயராணி தன் போனில் இன்னும் இருபது தடவை தட்டிப் பார்த்தாள்.

"அக்கா, ஒங்க போன்ல மட்டுந்தான் வருது."

ஸ்டூடியோவுக்கு வந்ததும் நேரே கணினியில் நிரலைத் திறந்தேன். பட்டியல்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் நாற்பது படங்கள், மற்றதில் இருபது. திறப்பது என் போன் என்றால் நாற்பதிலிருந்து எடு, வேறு எதுவென்றாலும் இருபதிலிருந்து எடு. நான்கே வரிகள். அந்த இருபதில் என் படம் ஒன்றுகூட இல்லை.

றமேஷ் பின்னால் வந்து நின்றான். திரையைப் பார்த்தான்.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"முதல்ல இருந்தே."

"ஏன்டா?"

"உன்ர படங்கள் அவ்வளவு சரியில்லை, ரூபி. முகத்தில சொல்ல மனம் வரேல்லை. நீ நோகக்கூடாது எண்டுதான் உனக்கு மட்டும் வர வச்சனான்."

எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. படம் சரியில்லை என்று சொல்லியிருந்தால் ஒரு கிழமை அழுதிருப்பேன், பிறகு ஒழுங்காக எடுக்கப் பழகியிருப்பேன். இவன் மூன்று வருடம் என்னைக் குழந்தைப்பிள்ளை மாதிரி ஏய்த்திருக்கிறான். நான் பார்த்துப் பூரித்த பக்கத்தை உலகத்தில் என்னைத் தவிர வேறு ஒருவரும் பார்த்ததில்லை.

"அதைப் பாத்துத்தானே நான் வங்கியை விட்டனான். வா எண்டு கூப்பிட்டதும் நீதானே?"

"கூப்பிட்டனான்தான். படம் எடுக்க வா எண்டு சொல்லேல்லையே. போன் எடுக்க, வாற ஆக்களோட கதைக்க எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது."

மேசையில் ஸ்டூடியோ போன் அடிக்கத் தொடங்கியது. அது அவனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவன் எடுக்கவில்லை. நான் எடுப்பேன் என்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.