எர்த் ஒயர்

“ஹேண்ட் பிரேக்க எறக்குடா கிங்ஸ்லி! நாலு பேரு தள்றோம், அசைய மாட்டேங்குது பாரு.”

பந்தல்காரர்கள் கம்பம் ஊன்ற இடமில்லாமல் நின்றார்கள். வாசலை அடைத்துக்கொண்டு கார் நின்றது. நேற்று காலையில் நின்ற அதே இடம். முன்சீட்டுக் கதவைக்கூட யாரும் சரியாகச் சாத்தியிருக்கவில்லை. கிங்ஸ்லி உள்ளே உட்கார்ந்து பிரேக்கை விடுவித்தான். ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டிருந்தது. அதை விடுவிக்கச் சாவியைத் திருப்பினான். பழக்கத்தில் கை ஒரு படி கூடுதலாகப் போய்விட்டது.

கார் ஸ்டார்ட் ஆனது.

ஒரே அடியில். இருபத்தாறு வருஷத்து இன்ஜின், ஷோரூமிலிருந்து வந்த மாதிரி ஓடியது.

தள்ளிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்தார்கள். வீட்டுக்குள் பாடிக்கொண்டிருந்த பெண்களின் குரல் தடுமாறி நின்று, மறுபடி பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியே அம்மா மனோன்மணி தெரிந்தாள். நைனாவைக் கிடத்தியிருந்த ஃப்ரீசர் பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். அவள் திரும்பவில்லை.

“பாத்தியாய்யா இத!” என்றார் காலேப் மாமா. அம்மாவின் தம்பி, மணவூரிலிருந்து நேற்று மதியமே வந்துவிட்டவர். “எங்க பாவா நெஞ்ச புட்ச்சிகினு உக்காந்துகினு இருந்தாரு, அப்ப வரல. இன்னிக்கி வருது! போன வாரந்தான ரிப்பேரு பண்ணான் அந்த முருகவேலு? இன்னாத்த கிழிச்சான் அவன்?”

கிங்ஸ்லி காரைத் தெருமுனைக்கு ஓட்டிப்போய் நிறுத்தினான். சாவியை எடுக்கத் தோன்றவில்லை. பக்கத்து சீட்டில் பெல்ட் நீளமாக இழுபட்டுக் கிடந்தது.

நேற்று காலை ஏழே முக்காலுக்கு நைனா இட்லி வேண்டாம் என்றார். நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். தானே நடந்து வந்து ஏறி, பெல்ட்டும் போட்டுக்கொண்டார். நைனா ஏசுவடியான், சர்க்கரை ஆலையின் எடைமேடையில் முப்பது வருஷம் இருந்தவர். அவசரத்திலும் ஒன்றை விட்டு ஒன்றைச் செய்யமாட்டார்.

கிங்ஸ்லி சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

“பக்தவச்சலத்த கூப்புடட்டாடா?” என்று அம்மா கேட்டாள். அவர் ஆட்டோ அடுத்த தெருவில்தான் நிற்கும்.

“இன்னிக்கி கிருத்திகைம்மா. மலையடி பூரா காவடிங்க. அவரு எங்க காலியா இருப்பாரு? ஆம்புலன்சும் உள்ள வராது. ரெண்டே நிமிஷம். எங்க கோளாறுன்னு எனக்கு தெரியும்.”

அவனுக்குத் தெரியவில்லை. பானெட்டைத் திறந்து பேட்டரி முனைகளை ஆட்டினான். ஃப்யூஸ்களைப் பிடுங்கிச் செருகினான். ஸ்டார்ட்டர் மோட்டாரை ஸ்பேனரால் தட்டினான். நடுவில் ஒருமுறை டேஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. அந்த நம்பிக்கையில் இன்னும் ஆறு நிமிஷம் போனது. அம்மா மறுபடி கேட்டாள். மறுபடியும் ரெண்டு நிமிஷம் என்றான். கண்ணாடிக்குப் பின்னால் நைனாவின் முகம் வேர்த்து வழிந்தது.

“இன்னொரு தபா அடி. வரும்,” என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

பதினெட்டு நிமிஷம். கடைசியில் அம்மா அவனைக் கேட்காமலே போன் போட்டாள். காவடிக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு மூன்றே நிமிஷத்தில் பக்தவச்சலம் வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எப்போது வலி ஆரம்பித்தது என்று மட்டும் கேட்டார்.

அப்போதிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள். “வண்டி ஸ்டார்ட் ஆவல.”

கிங்ஸ்லி இறங்கிப் பானெட்டைத் தூக்கினான். இன்று பார்த்தவுடனே தெரிந்தது. பேட்டரியிலிருந்து வரும் எர்த் ஒயர் காரின் உடம்போடு சேரும் இடம். போன ஞாயிறு முருகவேல் அங்கேதான் துருவைச் சுரண்டி, தகடு பளபளக்கும் வரை தேய்த்து, போல்ட்டை முறுக்கினார். “இரும்ப இரும்பு தொடணும் தம்பி. நடுவுல ஒண்ணும் இருக்கக்கூடாது.”

புதன்கிழமை கிங்ஸ்லி அதே போல்ட்டைக் கழற்றினான். கார் வீடியோக்கள் போட அவன் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் வைத்திருந்தான். இன்ஜினைச் சுற்றி எல்லாம் கறுப்பாக இருக்க, அந்த இடம் மட்டும் சுரண்டிய வெள்ளையாக அசிங்கமாகத் தெரிந்தது. மறுபடி துருப்பிடிக்குமோ என்றும் இருந்தது. கறுப்பு ஸ்ப்ரே அடித்தான். இரண்டு கோட். காய்ந்த பிறகு அதன் மேலேயே ஒயரை வைத்து இறுக்கினான். நைனாதான் போனைப் பிடித்து வீடியோ எடுத்துக் கொடுத்தார். பெயின்ட்டைத் தாண்டி கரண்ட் போகாது; அதற்குப் பிறகு போல்ட்டின் மரை எங்கே உரசியதோ அங்கேதான் போனது. உரசினால் வண்டி வரும். உரசாவிட்டால் வராது.

முருகவேல் பூமாலையோடு வந்தது பத்து மணிக்கு. கிரீஸ் சட்டையை மாற்றி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பந்தலுக்குள் கால் வைப்பதற்குள் காலேப் மாமா மறித்துக்கொண்டார்.

“எங்க வர நீ? இன்னா தைரியம் உனக்கு?”

“அண்ணா, அவரு மொகத்த ஒரு தபா…”

“மொகமா? வண்டிய ஒழுங்கா பாத்திருந்தா மொகத்த உயிரோட பாத்திருக்கலாமே! துட்டு வாங்கிகினு ஒயர துணியால தொடச்சி உட்ட, அதான? பண்றதும் பண்ணிட்டு மால வேற. எட்த்துகினு போ!”

முருகவேல் கூட்டத்தில் கிங்ஸ்லியைத் தேடினார். கிங்ஸ்லி தண்ணீர் கேன்களை அடுக்குவதுபோலக் குனிந்துகொண்டான். மாலை பந்தல் கம்பத்தின் ஆணியில் தொங்கியது. முருகவேல் போய்விட்டார்.

ஐந்து நிமிஷம் கழித்து அவன் தெருமுனைக்கு ஓடினான். முருகவேல் காருக்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்திவிட்டு நின்றார். பானெட் திறந்தபடியே இருந்தது.

“அண்ணா…”

“வீடியோ பாத்தேன் தம்பி. வியாழக்கெழமையே பாத்தேன்.” அவர் போல்ட்டையே பார்த்துக்கொண்டு பேசினார். “எர்த் மேலயே பெயின்ட் அட்ச்சிகினு கீறானே, ஒரு போன் போடணும்னு நெனச்சேன். கையில வேல. ஞாயித்துக்கெழம வருவியே, அப்ப சொல்லிக்கலாம்னு உட்டுட்டேன்.”

“மாமா பேசனதுக்கு…”

“பேசிட்டு போவட்டும். நீ போ. அம்மாவ பாரு.”

பெட்டியைச் சுற்றி இருந்தவர்கள் சாப்பிட எழுந்தபோது கிங்ஸ்லி அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கண்ணாடி மூடிக்குள் நைனாவுக்கு யாரோ தலையைத் தப்பான பக்கம் வகிடெடுத்து வாரியிருந்தார்கள்.

“அம்மா, முருகவேல் அண்ணன் மேல…”

“தெரியும்.”

அவள் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். “நீ பெயின்ட் அடிக்கசொல்லோ நான் துணி காயப்போட்டுகினு இருந்தேன்.”

“மாமா கிட்ட சொல்லிடறேன்.”

“இன்னான்னு சொல்லுவ? பெயின்ட்ட மட்டும் சொல்லுவியா? எத்தினி நிமிஷம்னு கேப்பான். மனோன்மணி, நீ இன்னா பண்ணிகினு இருந்தன்னு என்னையும் கேப்பான்.” குரல் ஏறவில்லை. “அவன் மெக்கானிக்கு. நாலு நாளு திட்டுவாங்க, உட்ருவாங்க. இத நான் ஒருத்தி தெரிஞ்சிகினு இருந்தா போதும். என்னால வெச்சிக்க முடியும். ஊருக்கு குடுக்காத.”

“அம்மா…”

“போயி ஒரு வாய் சாப்புடு.”

கல்லறைத் தோட்டத்துக்கு மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போதகர் ஜெபம் சொல்லி முடித்ததும் பெட்டியை இறக்கினார்கள். கயிறு ஒரு பக்கம் வழுக்கி, பெட்டி சாய்ந்து, மறுபடி நேரானது. எல்லோரும் மண் போட வரிசையாக நகர்ந்தபோது கிங்ஸ்லி கேட்டைப் பார்த்தான். கேட்டுக்கு வெளியே, உள்ளே வராமல், வெள்ளைச் சட்டையில் முருகவேல் நின்றிருந்தார்.

காலேப் மாமாவும் பார்த்துவிட்டார். “இங்கயும் வந்துட்டான் பாரு. அட்ச்சி தொரத்துங்கப்பா எவனாச்சும்.”

இரண்டு பேர் நகர்ந்தார்கள்.

“அவரு மேல தப்பு இல்ல மாமா.”

மெதுவாகத்தான் சொன்னான். எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

“அவரு நல்லாதான் செஞ்சி குடுத்தாரு. நான்தான் அதுமேல பெயின்ட் அட்ச்சி கெடுத்தேன். ஆட்டோ கூப்புடறேன்னு அம்மா சொன்னாங்க. ரெண்டு தபா சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன். பதினெட்டு நிமிஷம் மாமா.”

காலேப் மாமா கையில் மண்ணோடு நின்றார். அவனைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். விரல்களுக்கு நடுவே மண் உதிர்ந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து யாரோ ஒரு பெண், “பதினெட்டு நிமிஷமா?” என்று இன்னொருத்தியிடம் கேட்டாள். போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்தவரை வரச்சொல்லிக் கையைக் காட்டினார். அடுத்தவர் வந்தார். முருகவேலும் வந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவர் மூன்று பிடி போட்டுவிட்டு வந்த வழியே போனார்.

அம்மா குழியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் பெரிய அண்டா நிறையத் தண்ணீர் வைத்திருந்தார்கள். கல்லறையிலிருந்து வந்தவர்கள் கைகால் கழுவாமல் உள்ளே போகக்கூடாது. பக்கத்து வீட்டுப் பெண் சொம்பை எடுத்தபோது, அம்மா அதை வாங்கிக்கொண்டாள். வேண்டாம், நீ உட்கார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. போதகருக்கு ஊற்றினாள். காலேப் மாமாவுக்கு ஊற்றினாள். பக்தவச்சலத்தின் கை விரல்களுக்கு நடுவில் மண் போகும் வரை ஊற்றினாள். ஒவ்வொருவராக நகர்ந்து உள்ளே போனார்கள்.

கடைசியில் கிங்ஸ்லி வந்து இரண்டு கைகளையும் நீட்டினான்.

அம்மா சொம்பை அண்டாவுக்குள் விட்டுவிட்டு உள்ளே போனாள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீரை வாங்கிக்கொண்டு, அடியில் போய் உட்கார்ந்தது.