திருப்பத்துக் கைப்பிடி

மாடிப்படித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் மறுபடியும் சிக்கிக்கொண்டது.

"படுக்க வச்சபடி இறங்காதும்மா," என்றார் தூக்க வந்தவர்களில் மூத்தவர். "ஒண்ணு, ஐயாவைக் கட்டி நிமித்தி நிக்க வச்சுக் கொண்டுபோகணும். இல்லேன்னா இந்தக் கைப்பிடியை அறுக்கணும்."

மகள் படியில் நின்றபடி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். செத்த மனுஷனை மூட்டை மாதிரி நிமிர்த்துவதா?

நகரத்தின் பழைய கட்டடங்களைக் காக்கும் குழுவில் அப்பா இல்லாத கூட்டமே கிடையாது. எவனாவது சுவரில் சுத்தியலால் தட்டினால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பிவிடுவார். அடித்த இடத்தை விட்டு அசையாத மனுஷன் என்று தெருக்காரர்கள் அவருக்கு வைத்த பெயரே 'ஆணி'. நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? அவர் இல்லாவிட்டால் மணிக்கூண்டு இருந்த இடத்தில் இன்று கார்கள் நின்றிருக்கும். ஆனால் ஊர்ச் சுவருக்கெல்லாம் உருகின மனசு வீட்டு மனுஷர்களுக்காகக் கொஞ்சம் உருகியிருக்கக் கூடாதா?

இந்த வீட்டையும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது அவர்தான். இதயம் பலவீனம், படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது, மாடியிலேயே ஒரு கழிவறை கட்டக் குழுவிடம் அனுமதி கேட்டாள் மகள். குழாய்க்காக முன்சுவரில் ஓட்டை போட வேண்டியிருந்தது. கூட்டத்தில் வேண்டாம் என்று முதலில் உயர்ந்தது அப்பாவின் கை. "ஊரானுக்கு ஒரு நியாயம், என் பொண்ணுக்கு ஒரு நியாயமா?" என்றார். சரி, கீழே படுங்கள் என்றால், கீழறை முழுக்க இடித்த வீடுகளிலிருந்து குழு மீட்டுவந்த கதவும் ஜன்னலும். இன்று விடியற்காலை கழிவறைக்கு இறங்கிப் போனார், ஏறி வந்தார், கட்டிலில் சாய்ந்தார். அதோடு முடிந்தது.

குழுத் தலைவர் மலர்வளையத்தோடு வாசலுக்கு வந்தார். அப்பாவின் முப்பது வருஷச் சிநேகிதர். விஷயம் தெரிந்ததும் வளையத்தை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"அறுக்கறதா? ஒரே மரத்துல வளைச்சு இழைச்சது அம்மா இது! இந்த நகரத்துல இன்னொண்ணு கிடையாது. உன் அப்பா உயிரோட இருந்தா சம்மதிப்பாரா?"

"உயிரோட இருந்தா அவரே நடந்து இறங்கியிருப்பாரு சார்."

"கோபப்படாதே. கொஞ்சம் பொறு, மத்த உறுப்பினர்களுக்குப் போன் போட்டுக் கேட்டுடறேன்."

நிஜமாகவே போட்டார். பிணம் படியில் சாய்ந்து கிடக்க, வந்திருந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொடுமை என்னவென்றால் தலைவர் சொன்னது பொய்யில்லை. அப்பா சம்மதித்திருக்கவே மாட்டார். என்னை நிமிர்த்தியே கொண்டுபோங்கள் என்றுதான் சொல்லியிருப்பார். அதனால்தான் அறுங்கள் என்று மகளால் சொல்ல முடியவில்லை.

கீழறையிலிருந்து அம்மா வந்தாள். கையில் ரம்பம்.

"உங்கப்பா பேச்சைக் கேட்டதெல்லாம் போதும்," என்று மகளிடம் நீட்டினாள். "அறுடி."

மரம் இரும்பாக இருந்தது. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டே அறுத்தாள். "மெதுவா, மெதுவா, முனை பிளந்துடப் போகுது," என்று பின்னாலிருந்து தலைவர் பதறிக்கொண்டே இருந்தார். கடைசியில் கைப்பிடி விழுந்தது. அப்பா படுத்தபடியே இறங்கினார்.

வண்டியில் அப்பாவின் தலைமாட்டில் தலைவருக்கென்று ஓர் இடம் விட்டு வைத்திருந்தார்கள். டிரைவர் இன்ஜினைக் கிளப்பிவிட்டான். ஆளைக் காணோம். மகள் இறங்கித் தேடிப் போனாள்.

படித் திருப்பத்தில் அவர் மண்டி போட்டிருந்தார். அறுத்த துண்டு மடியில் கிடந்தது. சிதறின சிராய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கைக்குட்டையில் சேர்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. இவள் நிற்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அவள் கூப்பிடாமல் திரும்பி வந்து வண்டியில் ஏறினாள்.

"அவர் வரலையா?" என்றாள் அம்மா.

"அவருக்கு இங்க வேலை இருக்கும்மா."

அம்மா காலியாக இருந்த இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். மகள் கதவை இழுத்துச் சாத்தினாள்.