ஏழு பேரில் ஐந்தாவது

"ஐ கம் ஃபிரம் நாரின்," என்றாள் பெர்மெத், கண்ணாடியைப் பார்த்து. ஓட்டல் வேலைக்கான நேர்காணலுக்கு ஒத்திகை.

ஜூராகான் மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "இன்னிக்குக் காலையில சந்தையிலேருந்து வந்தியே, அதுக்கும் 'கம்'னுதான் சொல்லணுமா?"

"ஐயோ அம்மா! அது வேற. இது, பிறந்து வளந்த ஊர். அதை விட்டு வந்து அம்பது வருஷம் ஆனாலும் இப்ப வர்ற மாதிரிதான் சொல்லணும். வந்தேன்னு சொன்னா தப்பு."

"பிறந்தது ஓரிடம், வளந்தது ஓரிடம்னா?"

"எனக்கு அந்தத் தொல்லை இல்லையே," என்று சிரித்தாள் மகள்.

ஜூராகானின் கை மாவிலேயே நின்றுவிட்டது.

நாளை, பெர்மெத் விரும்பும் எல்தாரின் வீட்டார் பெண் கேட்க வருகிறார்கள். அவர்கள் எழுதி அனுப்பிய ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயர்கள் மேசைமேல் இருந்தன; இரு வீட்டுக்கும் ஒரு பெயர் பொதுவாக இருந்தாலும் கல்யாணம் கிடையாது. நேற்று கணவரின் அண்ணன் அதைத் தம் ஏழு பேரோடு ஒப்பிட்டுப் பார்த்து, "ஒரு பேரும் ஒட்டலை, பங்காளி முறை இல்லை. விருந்துக்கு ஆட்டை அடிக்கலாம்," என்று தொடையில் தட்டினார்.

அவர் ஒப்பிட்டது, பெர்மெத்தை வளர்த்த தகப்பனின் ஏழு. பல வருஷத்துக்கு முன், ஜும்கால் ஊரில் ஒன்றுவிட்ட தங்கை, புருஷனைப் பறிகொடுத்த மாதத்தில், பத்து நாள் குழந்தையை ஜூராகானிடம் நீட்டினாள். "வம்சத்துப் பேரை மட்டும் மறந்துடாத அக்கா," என்று புருஷன், அவன் தகப்பன், பாட்டன் என மேல்நோக்கிச் சொன்னாள். நாலாவது பெயரில் அழுகை முட்டி, அதற்குமேல் சொல்லவில்லை. அந்தப் பெயர் ஷாத்மான்.

எல்தாரின் காகிதத்தில் ஐந்தாவது பெயர், ஜும்கால் ஷாத்மான்.

தங்கை இறந்துவிட்டாள். கணவரும் இறந்துவிட்டார். வாயைத் திறக்காவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இரவெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அதில் இருந்த நிம்மதிதான் அவளைப் பயமுறுத்தியது. எல்தாரை இழந்துவிடுவாளே என்று மகளுக்காக வருந்துவதுபோல் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள். அம்மா என்ற சொல்லை இழந்துவிடுவோமோ என்பதுதான் உள்ளே இருந்த பயம்.

அடுப்பில் பொரிந்த மாவுத்துண்டுகள் கருகி எண்ணெய் புகைந்தது.

"அம்மா, கருகுது! நாளைக்கு வர்றவங்களுக்குக் கரித்துண்டா போடப்போற?"

ஜூராகான் அடுப்பை அணைத்தாள். மாவுக் கையைத் துடைக்காமலே காகிதத்தில் ஐந்தாவது பெயரைத் தொட்டாள்.

"இது உன் வம்சத்துப் பேரும்தான்டி. நீ ஜும்கால்ல பிறந்தவ. நான் உன்னைப் பெறலை."

பெர்மெத் முதலில் சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. எல்தாரின் பெயரைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள். பிறகு காகிதத்தைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை மேலே வைத்து, பேனாவை எடுத்தாள்.

"என் ஏழு பேரைச் சொல்லு."

"எனக்கு நாலுதான் தெரியும்."

"சொல்லு... ம்மா."