தையல்காரியின் இரண்டாவது டேப்

1

"குழாயை மூடத் தெரியலை, புள்ளையை எப்படி வளர்ப்ப?"

"மூடத் தெரியும்க்கா. மறந்துடுது."

"புள்ளையையும் மறந்துட்டா?"

கதை இங்கே தொடங்கியது என்றால் பொய். என் கதவுக்கடியில் தண்ணீர் புகுந்ததில் தொடங்கியது. எந்த வீட்டுக் குழாய் என்று பார்க்கத்தான் மாடியேறினேன். (பார்க்க மட்டும்தான். காது கூடவே வந்துவிட்டது.)

2

மாடிவீட்டுத் தையல்காரிக்கு ஏழாம் மாதம். கத்தியவர் அவள் நாத்தனார். தையல்காரி ஒரு பொறுப்பில்லாத...

(இந்த வரியை விட்டுவிட்டேன். என் வாய் அப்படி.)

சின்ன வயதிலிருந்தே அவள் மனம் ஓரிடத்தில் உட்காராது. கவனச்சிதறல் என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். கர்ப்பம் என்றதும் அவரே நிறுத்தினார். அதிலிருந்து சாவி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தையல் மெஷின் ஓடும்போது மட்டும் மனம் அடங்கி உட்காரும்.

"பிரசவம் முடியட்டும். அதுவரைக்கும் மெஷின் என் வீட்டுல இருக்கட்டும்," என்றார் நாத்தனார்.

தையல்காரி போய் மெஷினை மறைத்து நின்றாள். மெஷினும் போய்விட்டால் நாள் முழுக்க அந்தப் பயத்தோடுதானே உட்கார வேண்டும், பிள்ளையையும் மறந்துவிடுவோமோ என்று?

(அவள் பயம் எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? கதை எழுதுகிறவளுக்கு இந்தச் சலுகைகூடக் கிடையாதா?)

3

தரையைத் துடைக்கப் போன நாத்தனார், குழாயில் அளவெடுக்கும் டேப் தொங்குவதைப் பார்த்தார்.

"இது என்ன கூத்து?"

"குழாயைத் திறந்தா டேப்பை அதுல மாட்டிடுவேன். டேப் இல்லாம துணியில கை வைக்க முடியாதுல்ல? தேடி வந்தா குழாய் கண்ணுல பட்டுடும். இதுவரைக்கும் தப்பினதே இல்லைக்கா."

"அப்ப இன்னிக்கு?"

தையல்காரி மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். அதன்மேல் புத்தம்புது டேப் ஒன்று. நேற்றுதான் புருஷன் ஆசையாக வாங்கி வந்தது.

நாத்தனார் சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "முதல்ல என் தம்பியை உதைக்கணும்," என்று புது டேப்பைச் சுருட்டித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மெஷின் பேச்சை அதன்பின் எடுக்கவே இல்லை.

"அக்கா, புள்ளை பொறந்தப்புறம் எதை எங்க மாட்டறது?"

"புள்ளையை என் கழுத்துல மாட்டு."

4

முடிவு ஒன்று: பிள்ளை பிறந்ததும் அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. நம்ப மாட்டீர்கள்.

முடிவு இரண்டு: ஒருநாள் அவள் பிள்ளையை... வேண்டாம், எனக்கே மனசில்லை.

நடந்தது இது. ஈரச் சுவரைக் காட்டி வீட்டுக்காரரிடம் புலம்பிப் புலம்பி நான் வீட்டைக் காலி செய்தேன். சுவர் காய்வதற்குள் நாத்தனார் அங்கே குடிவந்துவிட்டார். என் புது வீட்டுக்கு மேலே மொட்டைமாடிதான். காதுக்கு வேலையே இல்லை.

அந்தப் பக்கம் போனால் குழாயில் என்ன தொங்குகிறது, யார் கழுத்தில் யார் தொங்குகிறார்கள் என்று எட்டிப் பார்த்து, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.