எஸ் சொல்லாத மீசைக்காரர்

1
பாம்ம்ம்ம் என்று ஒரு கப்பல் எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் அலறியது. அக்காவின் கைப்பேசியிலிருந்துதான். இந்தக் கதை அந்தச் சத்தத்தில் பிறந்தது. அப்போது அக்கா ஏன் அழுதுகொண்டே சிரித்தாள் என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2
முதல் வரைவு: "மாலுமிகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த அவள், கடலைப் போல ஆழமான..." (அடித்துவிட்டேன். அக்கா கடலில் கால் நனைத்ததோடு சரி.)

அவள் இலக்கியம் படித்தவள். வேலை கிடைத்ததோ கப்பல் ரேடியோவில் பேசும் ஆங்கிலத்தைச் சொல்லித்தர. மாணவர்களில் ஒருவர் மீசைக்காரர். டெக்கில் புலி, ரேடியோவைக் கையில் எடுத்தால் பூனை. எதிர்முனை என்ன சொன்னாலும் 'எஸ் சார்'. அந்த எஸ்ஸாலேயே ஒருமுறை தேர்வில் கோட்டைவிட்டவர். இந்தமுறை தேறினால் அதிகாரி. தவறினால் ஆயுசுக்கும் டெக் கழுவ வேண்டியதுதான்.

புரியாவிட்டால் 'ஸே அகெய்ன்' என்று கேளுங்கள் என்று அக்கா தொண்டை வற்றக் கத்தினாள். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

3
(பத்திரிகை ஆசிரியர் இங்கே காதல் கேட்கிறார். மீசைக்காரருக்கு மனைவியும் இரண்டு மகள்களும் இருக்கிறார்கள், மன்னிக்கவும்.)

இந்த இடத்தில் நாயகி மேலேயே எனக்குச் சந்தேகம். நங்கூரம், நீரோட்டம் என்று அவர்கள் தொழிலை விளக்கும்போதெல்லாம் அக்கா சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தாள். டீச்சருக்குத் தெரியாது என்று எப்படிக் காட்டிக்கொள்வது?

ஒருநாள், நங்கூரம் பிடிக்காமல் கப்பல் இழுபடுவதை மீசைக்காரர் சொல்லி முடித்து, புரிந்ததா என்றார். எஸ் என்றாள் அக்கா. சொன்ன மாத்திரத்தில் அது யாருடைய எஸ் என்று அவளுக்கே உறைத்தது.

ஸே அகெய்ன் என்றாள். சொன்னார். மறுபடி கேட்டாள். கடைசியில் அவர் பலகையில் படமே போட்டார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது, அக்காவும்தான்.

"நீங்களே கேக்குறப்ப எனக்கென்ன மிஸ் வெக்கம்?" என்றார்.

4
முடிவு. (மூன்று எழுதினேன். மூன்றும் குப்பையில்.)

தேர்வில் வேண்டுமென்றே இரைச்சலோடு ரேடியோவில் உத்தரவு வந்தது. மீசைக்காரர் கேட்டார், விடாமல் மறுபடியும் கேட்டார், பிசகாமல் திருப்பிச் சொன்னார். தேறிவிட்டார். அதிகாரியாகக் கப்பலேறிய கையோடு அக்காவை அழைத்தார். தேர்வுக் கதையைச் சொல்லிவிட்டு, "இன்னொரு விஷயம் மிஸ்..." என்று தொடங்கும்போதுதான் அந்தப் பாம்ம்ம்ம்.

அது என்ன விஷயம்? நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். என் காதில் விழுந்தது இவ்வளவுதான்.

"ஒண்ணுமே கேக்கல, திரும்பச் சொல்லுங்க!" என்று அக்கா கத்தினாள்.

"அப்படித்தான் மிஸ் கேக்கணும்," என்றார் மீசைக்காரர்.