பத்து நிமிஷ நிறுத்தம்

சாவு வீட்டுக்கென்று போட்ட வெள்ளைச் சட்டையோடு மெக்கானிக் 'ஒருசொட்டு', லாரி என்ஜினுக்குள் இடுப்பு வரை கவிழ்ந்து கிடந்தார். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் ஆயில் பிரஷர் கேஜின் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் தன் கைக் கேஜை முறுக்கினார். அதன் நீளக் குழாயை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, கேஜை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கம்பியால் கட்டினார். வண்டியின் கேஜ் பொய் சொல்லலாம், இது சொல்லாது.

டீக்கடைக்காரர் டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"டிரைவரு இங்கதாங்க உக்காந்திருந்தாரு. மடக்கு ஸ்டூலைப் போட்டுக்கிட்டு, போனைக் காதுல வெச்சபடி. எப்பவும் பத்து நிமிஷம் நிப்பாரு, கெளம்பிடுவாரு. நேத்து அரை மணி ஆயும் எழுந்திருக்கல. கண்ணசந்துட்டாருன்னு நெனச்சேன்."

ஒருசொட்டு கம்பியை இன்னொரு முறுக்கு முறுக்கினார்.

"ஓடுறப்ப நெஞ்சு வலி வந்திருந்தா நாலு குடும்பம் நாசமாயிருக்கும். நின்னப்ப வந்துச்சு. சாவுலகூட யாருக்கும் தொந்தரவு குடுக்காத மனுஷன். ஆமா, உங்களுக்கு என்ன வேணும் அவரு?"

"தங்கச்சி வீட்டுக்காரரு."

"அடடே, அப்ப அந்த மெக்கானிக் மச்சான் நீங்கதானா? 'எம்மச்சான் பூட்டுன என்ஜின், ஒரு சொட்டு ஒழுகாது'ன்னு வாய்க்கு வாய் சொல்வாரே!"

ஒருசொட்டு டீயை ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு பொத்துப் போயிற்று.

அந்தப் பெயரே அப்படி வந்ததுதான். எந்த என்ஜினைப் பூட்டினாலும், "கீழ ஒரு சொட்டு ஒழுகினா மீசைய எடுத்துடறேன்" என்பார். முப்பது வருஷமாக மீசை பத்திரமாக இருந்தது. அடியில் எண்ணெய் தேங்கும் சேம்பரை மாட்டும்போது, மற்றவர்கள் விளிம்பில் கசிவை அடைக்கும் பேஸ்ட்டை ஒரு கோடு தடவுவார்கள். இவர் இரண்டு கோடு தடவுவார். வெளியே பிதுங்கியதைத் துணியால் துடைத்துவிட்டு, மீசையைத் தடவிக்கொள்வார். உள்ளே பிதுங்கியதை யார் பார்த்தது?

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பட்டறைக்கு வந்து சொன்னார்: "மச்சான், ஒழுகலதான். ஆனா வேகமா ஓட்டினா ஆயில் முள் எறங்குது. நிறுத்திப் பத்து நிமிஷம் கழிச்சு எடுத்தா ஏறிடுது."

கேட்டாரா ஒருசொட்டு? வெல்டரும் மற்றவர்களும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அது போதாதா? "ரோட்டப் பாத்து ஓட்டு, முள்ளப் பாத்து ஓட்டாதே. அளவில்லாம லோடு ஏத்திப் பேரிங்கைத் தின்னுட்டு இங்க வந்து நிக்கிறே. உனக்கெல்லாம் எதுக்கு லாரி, தள்ளுவண்டி போதும்!" என்றார். பட்டறையே சிரித்தது. அதுவரை 'வாங்க, போங்க' என்று மரியாதையாகப் பேசியவர், அன்றைக்குத்தான் மாப்பிள்ளையை 'நீ' என்றார். மாப்பிள்ளையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சாவியை எடுத்துக்கொண்டு போனவர், அப்புறம் பட்டறைப் பக்கம் வரவில்லை. இவரும் போய்ப் பார்க்கவில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது.

இன்று காலையில் தங்கை அழாமல் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எடுக்கறதுக்குள்ள வண்டி வாசல்ல நிக்கணும் அண்ணே. பதினெட்டு வருஷம் அதுலயே கெடந்தாரு. அது வராம அவரு போகக்கூடாது."

நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. மணி இப்போது ஒன்று. மூன்று மணி நேர ஓட்டம்.

ஸ்டூலை மடித்து உள்ளே போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். முள் ஜம்மென்று ஏறி நின்றது. வண்டியின் பழைய கேஜின் கண்ணாடியில் யாரோ சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தார்கள். நகப்பூச்சு. தங்கையினுடையதாகத்தான் இருக்கும். இதுக்குக் கீழே இறங்கினால் நிறுத்து என்று அர்த்தம்.

முக்கால் மணி நேரம் முள் அசையவில்லை. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. பேரிங் தேய்ந்த என்ஜினில் மெதுவாக ஓடும்போது முள் படுத்திருக்கும், வேகம் கூட்டினால் எழும். இது தலைகீழாக இருந்தது. மிதிக்க மிதிக்க இறங்கியது. ஓரம் கட்டி அணைத்தார். இறங்கி என்ஜினைத் தொட்டார். கொதித்தது. பத்து நிமிஷம் கழித்தும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. சாவியைத் திருகினார். முள் விர்ரென்று மேலே போய் நின்றது.

பேரிங்தான் காரணமென்றால், சூட்டில் எண்ணெய் இளகித்தான் முள் இறங்கும்; சூடு குறையாமல் எப்படி ஏறும்? கீழே எண்ணெய் உறிஞ்சும் குழாயின் சல்லடையை ஏதோ அடைக்கிறது. ஓடும்போது உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்கிறது, நிறுத்தினால் உதிர்ந்து விழுகிறது. சேம்பருக்குள் அப்படி உதிர என்ன இருக்கிறது? ஒருசொட்டுக்குத் தான் தடவும் இரண்டாவது கோடு ஞாபகத்துக்கு வந்தது. மாப்பிள்ளை அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இரண்டாவது முறை முள் இறங்கியபோது மணி மூன்று. நிறுத்தாமல் போனால் நேரத்துக்குள் முகத்தைப் பார்த்துவிடலாம். ஆனால் எண்ணெய் இல்லாமல் ஓடி என்ஜின் இறுகிப் பிடித்துவிட்டால், தங்கைக்கு மிச்சமிருக்கும் ஒரே பிழைப்பும் போய்விடும். கால் மிதிக்கச் சொன்னது. கை ஓரம் கட்டியது. ஸ்டூலை விரித்து உட்கார்ந்தார். போன் அடித்தது.

"நிறுத்தியிருக்கியா?" என்றாள் தங்கை.

"உனக்கெப்படித் தெரியும்?"

"மணியப் பாத்தேன். அந்தப் பாலத்துகிட்ட வந்திருப்பே. அவரு அங்கயும் நிறுத்திப் பேசுவாரு. சாப்பிட்டியா, கதவச் சாத்துனியா... ஒண்ணுமில்லாத பேச்சு. நேத்தும் பேசிக்கிட்டேதான் இருந்தாரு. திடீர்னு நின்னுபோச்சு. சிக்னல் இல்லன்னு நெனச்சு நான் கட் பண்ணிட்டேண்ணே."

"எனக்கு நேரமாயிடும்மா. நீங்க எடுத்துடுங்க."

"நீ நிறுத்தி நிறுத்தியே வா. அவருக்குப் பொறுமை ஜாஸ்தி. இருப்பாரு."

நாலரைக்கு லாரி தெருவுக்குள் நுழைந்தபோது இன்னும் எடுத்திருக்கவில்லை. பட்டறை ஆட்கள் வாசலில் நின்றார்கள். வெல்டர் டயரைத் தட்டிப் பார்த்து, "பேரிங்தானே? அவரு ஓட்டுன ஓட்டு அப்படி" என்றார், ஆறுதலாக.

ஒருசொட்டு அவரைத் தாண்டி உள்ளே போனார். மாப்பிள்ளையின் தலைமாட்டில் நின்றார். முகம் தூங்குவது போலவெல்லாம் இல்லை. செத்த முகமாகத்தான் இருந்தது.

"மாப்பிள்ளை, நீங்க சொன்னதுதான் சரி" என்றார், வாசல் வரை கேட்கும்படி. "பேரிங் இல்ல. தப்பு எம்மேல. உங்கள அன்னிக்கு நாலு பேர் முன்னாடி அப்படிப் பேசியிருக்கக்கூடாது."

துக்கத்தில் ஏதோ பிதற்றுகிறார் என்று உறவுக்காரர்கள் அவர் முதுகைத் தடவினார்கள். வெல்டர் மட்டும் தலை குனிந்துகொண்டார்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. குளித்துவிட்டு வந்த ஒருசொட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று யார் சொல்லியும் கேட்காமல், லாரிக்கு அடியில் போய்ப் படுத்தார். எண்ணெயை வடித்து, போல்ட்டுகளைக் கழற்றி, சேம்பரை நெம்பினார். லேசில் வரவில்லை. அவ்வளவு பேஸ்ட்.

சேம்பரின் அடியில் சாம்பல் நிறத்தில் தோல் தோலாகக் கிடந்தது, சல்லடையில் பாதி இன்னும் ஒட்டியிருந்தது. நகத்தால் நெருடினார். ரப்பர் போல் நீளமாக உரிந்து வந்தது. சல்லடையைக் கழற்றி, உரிந்த தோலோடு வெளியே ஊர்ந்து வந்தபோது தங்கை நின்றிருந்தாள்.

"இதுதான்" என்றார். "நான் தடவுனது. வேற எந்த மெக்கானிக்கிட்டக் காட்டியிருந்தாலும் அரை நாள்ல கண்டுபிடிச்சிருப்பான். ஏம்மா காட்டல?"

"நானும் கேட்டேன். வேற ஆளு தெறந்தா ஊரே சிரிக்கும், மச்சான் பேரு போயிடும், அவரே ஒரு நாள் வருவாருன்னாரு."

ஒருசொட்டு மீசையைத் தொட்டார். கையெல்லாம் எண்ணெய். திரும்பிக்கொண்டு, ஒரு தட்டில் டீசலை ஊற்றிச் சல்லடையை அதில் முக்கி வைத்தார்.

"எவ்வளவு நேரம் ஊறணும்?"

"பத்து நிமிஷம்."

தங்கை வண்டியின் கதவைத் திறந்து மடக்கு ஸ்டூலை எடுத்தாள். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டு உட்கார்ந்தாள். போனை மடியில் வைத்துக்கொண்டாள்.